குச்சிக்கு ஒரு சீட்

ஹலோ... ஹலோ, குச்சி! எங்கடி இருக்க?... பிளாட்பாரத்துக்கு வந்துட்டியா? நல்லது... ஆமா, நான் ரயில்லதான் இருக்கேன். நம்ம பெட்டி, நம்ம மூலை. பக்கத்துல உனக்கும் இடம் போட்டு வெச்சிருக்கேன்... இல்ல, இன்னிக்கு சாப்பாட்டுப் பையை வெச்சிருக்கேன். துப்பட்டா போட்டா ஓரமா சுருட்டி வெச்சுட்டு உக்காந்துடறாங்க. சாப்பாட்டு மேல உக்கார யாருக்கும் மனசு வராது பாரு.

ம்... ம்... அதெல்லாம் தெரியும். இன்னிக்கு மட்டும் லேட்டாச்சுன்னா நம்ம கடை மேனேஜர் ரெண்டு பேரையும் புகார் கவுண்ட்டருக்குத் தள்ளிடுவார்... விளையாட்டுக்குச் சொல்லலடி. போன தடவை அங்க போன கேஷியர் அக்கா தூக்கத்துலகூட 'மன்னிச்சுக்கோங்க சார், மெக்கானிக் வந்துட்டே இருக்கார்'னு புலம்பறாங்களாம். வாஷிங் மெஷின் சுத்தலைன்னா நாம என்ன உள்ள இறங்கியா சுத்த முடியும்?

இரு, இரு... இல்லக்கா, ஆள் வருது. அடுத்த ஸ்டேஷன்தான்... ஆமாக்கா, சத்தியமா வருவா.

குச்சி, மெதுவாப் பேசறேன், கேளு. ஒரு சின்ன விஷயம். கோச்சுக்க மாட்டியே?... இங்க ஒரு அக்கா, நல்ல ஆஜானுபாகு, உன் சீட்டையே முறைச்சுட்டு நிக்கறாங்க. பையை எடுன்னாங்க. முடியாதுன்னேன். பெட்டியே அவங்க பக்கம் சேர்ந்துடுச்சு. அதனால... வாய் தவறி... நீ மாசமா இருக்கேன்னு சொல்லிட்டேன்.

ஹலோ?... ஹலோ?... கத்தாதடி, வெளிய கேக்குது!... உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலன்னு எனக்குத் தெரியாதா? இவங்களுக்குத் தெரியாதே... எத்தனை மாசமா? ஏழு... பின்ன? மூணுன்னு சொன்னேன், நின்னுட்டே வரட்டும்னாங்க. அஞ்சுன்னேன், யோசிச்சாங்க. ஏழுலதான் படிஞ்சுது.

உன் குச்சி உடம்பைப் பாத்து யார் நம்புவாங்கன்னு கேக்கறியா? அதுக்கும் வழி வெச்சிருக்கேன். உன் சாப்பாட்டுப் பையை வயித்துப் பக்கம் செருகி துப்பட்டாவால மூடிக்கோ... குடை வேணாம், நீட்டிட்டு நிக்கும். ஒரு கையை இடுப்புல வெச்சு, மூச்சு வாங்கிட்டு, ஆடி அசைஞ்சு வா. உங்க அண்ணி நடந்தாங்கல்ல, அப்படி... நடிக்க வராதா? வர்ற வரைக்கும் நடி, யார் பரிசு கேட்டா?

ஸ்டேஷன் வந்துடுச்சு. எங்க நிக்கற?... பச்சை சுடிதாரா? கூட்டத்துல ஒண்ணும் தெரியல. ஏறு, ஏறு... கிளம்புது, ஏறுடி!... ஏறிட்டியா? அப்பாடா. கையைத் தூக்கு... தூக்கிட்டுதான் இருக்கியா? காணோமே... என்னது, பக்கத்துப் பெட்டியா?

ம்... கூட்டம், சரி... ம்... சீட் கிடைச்சுதா? ஜன்னலோரமா? காத்து வேற வருதா? அடிப்பாவி! நான் இங்க ஒரு சீட்டுக்காக பெட்டியையே பகைச்சுட்டு உக்காந்திருக்கேன், நீ அங்க காத்து வாங்கறியா?

என்னக்கா?... ஆமாக்கா, பக்கத்துப் பெட்டில ஏறிட்டாளாம்... இல்ல, இல்ல, சீட்டெல்லாம் கிடைக்கல. நின்னுட்டிருக்கா, பாவம்.

குச்சி, நீ நிக்கறேன்னு சொல்லிட்டேன்... வேற என்ன சொல்ல? உக்காந்திருக்கேன்னா இந்த சீட்டை அந்த அக்காவுக்குக் குடுக்கணும். இவ்வளவு நேரம் சண்டை போட்டுட்டு எந்த மூஞ்சியோட குடுக்கறது? அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி இங்க வந்துடு. வழியெல்லாம் ஒதுக்கிட்டாங்க. ஒரு அம்மா உனக்குன்னு தண்ணி பாட்டில் திறந்து வெச்சிருக்காங்க... வர மாட்டியா?... ஜன்னலை விட்டு அசைய மாட்டியா? நன்றி கெட்டவளே!

இல்லம்மா... அவளால அங்கேர்ந்து வர முடியாதாம்... ஏன்னா... கொஞ்சம்... லேசா வலிக்குதாம்... இல்ல, அந்த வலி இல்ல! கால் வலி! கால்... அக்கா! அக்கா, அதைத் தொடாதீங்க! வேணாம்க்கா... ஐயய்யோ.

ஹலோ... ஆமா, குலுங்குச்சு... ஆமா, ஆமா, நின்னுடுச்சு... ஏன் நின்னுச்சா? உனக்காகத்தாண்டி நிக்குது! அந்த அக்கா செயினைப் புடிச்சு இழுத்துட்டாங்க... சீட் கேட்டாங்களே, அவங்கதான். பிரசவ வார்டு நர்ஸாம்! எனக்கு எப்படிடி தெரியும், நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு?

சிரிக்காத, குச்சி. 'ராத்திரி டியூட்டி முடிச்சு கால் கடுக்குதுன்னு ஒரு புள்ளத்தாச்சி இடத்தைப் போய்க் கேட்டேனே'ன்னு கண் கலங்கிட்டு கீழ இறங்கறாங்க. எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு... நிஜமாத்தான் சொல்றேன்.

உன் பெட்டிப் பக்கம்தான் வர்றாங்க. ரயில் கார்டும் கூட ஓடி வர்றார்... பச்சை சுடிதார்னு நான்தான் சொன்னேன்... எட்டிப் பாக்காத! பையைச் செருகு!... முனகு... இன்னும் கொஞ்சம்... ஐயோ, இவ்வளவு வேணாம்டி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடப் போறாங்க!

மேனேஜரா? அவரை மறந்துடு. இந்த ரயில் இப்போதைக்கு நகராது... ஆமா, புகார் கவுண்ட்டர்தான்... அழாத. நானும்தானே கூட வர்றேன்? அங்கயாவது ரெண்டு பேருக்கும் நாற்காலி உண்டு. போட்டிக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க...

யாரு, ஏறிட்டாங்களா?... குச்சி?... ஹலோ?... பேசுடி...

அக்கா, நீங்களா? அவ போனை வாங்கிட்டீங்களா?... ம்... ஆமாக்கா... அது சாப்பாட்டுப் பைதான்க்கா... இல்லக்கா... ஆமா... கல்யாணமும் ஆகலக்கா... அவ மேல தப்பு ஒண்ணும் இல்லக்கா, எல்லாம் நான்தான்... தப்புதான்க்கா... ஆமாக்கா... எந்திரிச்சுட்டேன்க்கா. ரெண்டு சீட்டும் காலியா இருக்கு, நீங்க வந்து நல்லா காலை நீட்டி...

அக்கா?... ஹலோ?... ஹலோ?...