இறக்கையின் அடியில் உள்ள கோடுகள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் பெயின்ட் வாங்கிவிடுகிறார்கள். அது தவறு. பெட்டியின் மேலிருக்கும் படத்தைப் பார்த்து விமானத்துக்கு என்ன நிறம் என்று யோசிக்கிறார்களே தவிர, பாகங்களை எப்படி வெட்டி எடுப்பது என்று யோசிப்பதில்லை. பெயின்ட் கடைசி வேலை. முதலில் வேண்டியது ஒரு நல்ல கட்டர்.

உங்கள் மேஜையில் பாலிதீன் பைக்குள் இருக்கிறதே, சிவப்புக் கைப்பிடி போட்டது, அதுதான். பெரிய ஆயுதம் மாதிரி முத்திரை வைத்திருக்கிறீர்கள். அதை வைத்து யாரையும் ஒன்றும் செய்துவிட முடியாது. மாடல் பெட்டியைத் திறந்தால் பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை நசுங்காமல் நறுக்கி எடுக்கத்தான் அது. கையால் பிய்த்தால் பாகத்தில் குழி விழும்.

விளக்கமாகச் சொல்லுங்கள் என்றீர்கள். அதனால் கருவிகளிலிருந்து தொடங்குகிறேன். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் உங்களுக்குப் புரியாது.

மச்சானுக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். மருந்துக்கடை வைத்திருக்கிறார். இந்த விமானத்தை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். என் மனைவி இறந்தபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். ஒருநாள் அவரே ஆரம்பித்தார்.

“சும்மா உக்காந்தா மண்டை காயுது மாப்ளே. எனக்கும் இந்தப் பொம்மை வேலையக் கத்துக்குடு.”

“பொம்மை இல்ல மச்சான், மாடல்.”

“சரி, பொம்மை இல்லாத பொம்மை. கத்துக்குடு.”

அவர் முன்பு மாதிரி இல்லை. கடையில் யாராவது வந்து ஆஸ்துமா பம்ப் கேட்டால் ஸ்டாக் இல்லை, பக்கத்துக் கடையில் பாருங்கள் என்று அனுப்பிவிடுகிறாராம். முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய அடுக்கியிருக்கும். அவருடைய மனைவி சொன்னார்.

காரணம் இருந்தது. என் மனைவிக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. பம்ப் எல்லாம் அண்ணன் கடையிலிருந்துதான் வரும். அவள் இறந்தபோது அது அவள் கையில் இருந்தது. பார்க்க வந்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். பம்ப் கையில் இருந்தும் போய்விட்டாளே என்று. ஆறுதலாகச் சொன்னார்கள். ஆனால் அதைக் கொடுத்தவருக்கு அந்த வாக்கியத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். அவர் அதை எடுத்துக்கொடுத்த வாரம் கடையில் ஏசி ரிப்பேர். சூட்டில் மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்று அவருக்குள் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. அவளுடைய பம்ப்பைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அது அங்கேயேதான் இருந்தது.

என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்.

“அவ பம்ப்ப அடிச்சுக்கிட்டாளா மாப்ளே? அடிச்சும் கேக்கலையா?”

“தெரியல மச்சான். நான் ரூம் உள்ள இருந்தேன்.”

அது பொய் இல்லை. உள்ளேதான் இருந்தேன்.

கட்டருக்கு அடுத்தது கத்தி. பேனா மாதிரிப் பிடிக்கிற மெல்லிய கத்தி. வெட்டிய இடத்தில் நிற்கும் பிசிறைச் சீவ. அதன்பிறகு உப்புத்தாள், முரடாக ஒன்று, மென்மையாக ஒன்று. சின்ன பாகங்களை எடுத்து வைக்கச் சாமணம். மச்சான் அதைத் தன் கடையிலிருந்தே கொண்டுவந்தார். அவருக்குப் பொறுமை இருந்தது. ஒரு சக்கரத்தை ஒரு மாலை முழுக்கத் தேய்த்தார். “இதுவே இவ்ளோ நேரமா? பிளேனு எப்ப பறக்கும்?” என்றார். அவள் போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பசையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இது தாளில் தடவுகிற பசை இல்லை. தண்ணீர் மாதிரி இருக்கும், வாசனை நெஞ்சை அடைக்கும். இது எதையும் ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கை இளக்குகிறது. இளகிய இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டும் ஒன்றாகி இறுகிவிடும். அதற்கப்புறம் இது வேறு, அது வேறு என்று பிரிக்க முடியாது. இதை ஒருநாள் என் மனைவியிடம் சொன்னேன். “நம்மளையும் இதுல ஒட்டியிருக்கலாம், மண்டபச் செலவு மிச்சம்” என்றாள். அவள் அப்படித்தான் பேசுவாள். இந்த விமானத்துக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தாள். ஆபீஸ் விட்டு வந்தால், “கை கால் கழுவிட்டு மூத்தவளப் பாப்பீங்களா, இளையவளப் பாப்பீங்களா?” என்பாள்.

இந்தப் பசையில் ஒரு சங்கடம் உண்டு. பிளாஸ்டிக் இளகியிருக்கும் நேரத்தில் அதன்மேல் எது பட்டாலும் அதன் அச்சு விழுந்துவிடும். பசை கசிந்த இடத்தை விரலால் பிடித்தால் ரேகை அப்படியே பதியும். பெயின்ட் அடித்தாலும் மறையாது, இன்னும் தெளிவாகத் தெரியும். உங்கள் வேலைக்கு இது பிடித்த விஷயமாக இருக்கும். மச்சானிடம் இதை நான்தான் சொன்னேன். கண்ணை நம்ப வேண்டாம், விரல் நுனியால் தடவிப் பாருங்கள் என்றும் சொன்னேன். ஒரு வேலையைச் சொல்லிக்கொடுத்தால் முழுதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கருவி. இது எந்தக் கடையிலும் கிடைக்காது. விமானத்தின் இறக்கை உடம்போடு சேரும்போது நேர்க்கோட்டில் நிற்காது. நுனி கொஞ்சம் மேலே தூக்கி இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவு. பசை இறுகும்வரை அந்த உயரத்தில் நுனிக்கு முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும். வீட்டில் இருப்பதில் தேட வேண்டியதுதான். வலது இறக்கையை ஒட்டியபோது ஒரு பசை டப்பா சரியாக அமைந்தது. அந்த டப்பா தீர்ந்து குப்பைக்குப் போய்விட்டது. புதிதாக வாங்கியது அதைவிட உயரம். இடது இறக்கைக்கு வேறு தேட வேண்டியிருந்தது. தீப்பெட்டியை வைத்துப் பார்த்தேன், குட்டை. டீ கப் உயரம்.

அன்று மதியம் நடந்தது இதுதான். அவள் டீ கொண்டுவந்தாள். காலையிலிருந்தே நெஞ்சில் விசில் சத்தம் வந்துகொண்டிருந்தது. என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று பம்ப்பை ஒருமுறை அடித்துக்கொண்டாள். பிறகு கப்பை வைக்க இடம் தேடினாள். பம்ப்பை மேஜைமேல் வைத்துவிட்டுக் கப்பை வைத்தாள்.

“ஜன்னலத் தொறந்து வச்சா என்ன? என் சக்களத்தி பறந்துடுவாளோ?”

“தூசி வரும். ஒட்டின இடத்துல உக்காந்துடும்.”

“எனக்கும் காத்து வரணும்ல. சரி, இன்னொரு பம்ப் வாங்கிட்டு வரச் சொன்னேனே. இதுல கொஞ்சந்தான் இருக்கு.”

முந்தின நாள் அதற்காகத்தான் புறப்பட்டுப் போனேன். மச்சான் கடைக்குப் போகிற வழியில் மாடல் கடை. பசை தீர்ந்துபோனது நினைவுக்கு வந்து உள்ளே போனேன். நான் வெளியே வந்தபோது மருந்துக்கடையை மதியச் சாப்பாட்டுக்கு அடைத்திருந்தார்கள்.

“நாளைக்கு” என்றேன்.

அவள் போனதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். கதவைச் சாத்தியதே அவளுக்காகத்தான், அந்த வாசனை அவளுக்கு ஆகாது. தாழ் போட்டதற்குக் காரணம், தட்டாமல் உள்ளே வருவது அவள் பழக்கம். கதவு திறந்தால் காற்று அடிக்கும், மேஜை ஆடும்.

இறக்கையின் மேல் பாதியையும் கீழ் பாதியையும் சேர்த்து உடம்போடு ஒட்டினேன். பசை கொஞ்சம் அதிகமாகி நுனியின் அடிப்பக்கம் கசிந்தது. அப்போதுதான் முட்டுக்கொடுக்கப் பொருள் தேடினேன். பம்ப் அங்கே இருந்தது. பக்கவாட்டில் படுக்க வைத்தேன். அதன் மூடிமேல் இறக்கை நுனி வந்து உட்கார்ந்தது. செய்து வைத்த மாதிரி இருந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன். இரண்டு நுனியும் ஒரே உயரம். அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மாதக்கணக்காக வேலை பார்த்திருந்தேன்.

அதன்பிறகு அவள் தட்டினாள்.

“ஏங்க, என் பம்ப் அங்க இருக்கா?”

“கொஞ்சம் இரு. ஒட்டிட்டு இருக்கேன்.”

“ஏங்க. கதவத் தொறங்க.”

“ரெண்டு நிமிஷம்.”

இரண்டு நிமிஷம் என்றது பேச்சுக்குத்தான். இந்தப் பசைக்கு அரை மணி நேரமாவது வேண்டும். அப்புறமும் தட்டினாள். முதலில் உள்ளங்கையால், பிறகு நகத்தால். நகம் மரத்தில் கீறுகிற சத்தம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. என் கை ஆடவில்லை. சத்தம் நின்றது. வேறு பம்ப் கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். வேறு பம்ப் வீட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னீர்கள்.

முட்டுக்கு வேறு எதையாவது வைத்துவிட்டு அதைக் கொடுத்திருக்கலாமே என்று சற்றுமுன் கேட்டீர்கள். நானும் அதை யோசித்தேன். அறையில் அந்த உயரத்தில் வேறு எதுவும் இல்லை. கையால் தாங்கிக்கொண்டு கதவுவரை போகவும் முடியாது.

இறுகியதும் பம்ப்பை மெதுவாக உருவினேன். துணியால் துடைத்தேன். கதவு உள்பக்கமாகத் திறப்பது. தாழை நீக்கியதும் அவள் கதவோடு சேர்ந்து உள்ளே வந்தாள். சாய்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். கூப்பிட்டுப் பார்த்தேன். பம்ப்பை அவள் கையில் வைத்து விரல்களை மடக்கினேன். அவளுடைய பொருள், அவளிடம் கொடுத்தேன். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

வந்த டாக்டர் அவள் கையிலிருந்த பம்ப்பைப் பார்த்தார். தலையை ஆட்டினார். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் போனபிறகு விமானத்துக்குப் பெயின்ட் அடித்தேன். மேலே பச்சை, அடியில் வெளிர் நீலம்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் அதைக் கையில் எடுத்தார். தன்னுடைய மாடலில் இறக்கை ஒட்டும் கட்டம் வந்திருந்தது. என்னுடையது எப்படி இருக்கிறது என்று பார்க்கத் திருப்பினார். நான் சொல்லிக்கொடுத்தபடி விரல் நுனியால் தடவினார்.

“மாப்ளே, இங்க தேய்க்காம விட்டுட்ட. கோடு கோடா இருக்கு.”

“அடிப்பக்கம்தானே மச்சான்.”

உண்மையில் அங்கே உப்புத்தாள் போட்டால் அருகில் பிளாஸ்டிக்கிலேயே புடைத்திருக்கும் பொடி ஆணித்தலை வரிசை அழிந்துவிடும். அதனால்தான் விட்டிருந்தேன். அவர் கட்டை விரல் நகத்தால் அந்தக் கோடுகளை மேலும் கீழும் தேய்த்துப் பார்த்தார். பம்ப் மூடியின் பக்கத்தில், விரல் வழுக்காமலிருக்க, வரி வரியாக மேடு இருக்கும். நீங்களும் நானும் அதைக் கவனித்திருக்க மாட்டோம். வருஷக்கணக்காக அந்த மூடியைத் திறந்து திறந்து வாடிக்கையாளர்களுக்குக் காட்டியவர் அவர். சட்டைப் பையிலிருந்து அவளுடைய பம்ப்பை எடுத்தார். மூடியைக் கோடுகள்மேல் வைத்தார். பொருந்தி உட்கார்ந்தது.

அவர் முதலில் சொன்னது இது.

“அப்ப என் மருந்து நல்லாத்தான் இருந்துச்சு.”

பம்ப்பை அவர் மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவில்லை.

“அவ தட்டுனாளா மாப்ளே?”

“தட்டினா.”

“உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“அப்புறம் என்னடா?”

“பசை காயணும்ல மச்சான்.”

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. விமானத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். இறக்கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். அப்படித் தூக்கக் கூடாது என்று முதல் நாளே அவருக்குச் சொல்லியிருந்தேன்.

என் வாக்குமூலம் இவ்வளவுதான். அவள் எதற்குத் தட்டினாள் என்று எனக்குத் தெரியும். அது எங்கே இருந்தது என்றும் தெரியும். கை நீட்டினால் எட்டும் தூரம். நான் எடுக்கவில்லை. இதைக் கொலை என்று நீங்கள் எழுதிக்கொண்டால் கையெழுத்துப் போடுகிறேன். அந்த வார்த்தைக்காக உங்களோடு மல்லுக்கட்டப் போவதில்லை. ஆனால் ஒரு அளவுகோல் கொண்டுவரச் சொல்லுங்கள். விமானத்தைத் தட்டையான மேஜையில் வைத்து இரண்டு நுனியையும் அளந்து பாருங்கள். முடி அளவு வித்தியாசம் இருக்காது. அன்று நான் கதவைத் திறந்திருந்தால் இது இப்படி வந்திருக்காது.