கேட் புத்தகத்தில் ஏறிய பென் டிரைவ்

தலைமை நாற்காலியில் அமர்ந்திருப்பவரும், காலையில் அந்த நாற்காலி உட்பட அத்தனை நாற்காலிகளையும் தாமே இழுத்துப் போட்டவருமான, நம் திருநின்றவூர்ப் படிப்பக மன்றத் தலைவி சாமுண்டீஸ்வரி அம்மையார் அவர்களே! முழங்கால் வலியை மறந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! மாவு அரைத்து மூடிவைத்துவிட்டு, அரைமணி நேரம் என்று சொல்லி வந்து, அசையாமல் அமர்ந்திருக்கும் அன்னையரே! அம்பத்தூர் ஷிப்ட் முடித்து, ரயிலிறங்கி, வீட்டுக்கும் போகாமல், சாப்பாட்டுப் பையோடு சுவரோரம் நிற்கும் உழைக்கும் உடன்பிறப்புகளே! எல்லோரையும் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். எனக்கு இன்று தந்திருக்கும் தலைப்போ, ‘வீட்டிலும் வேலையிலும் ஒரே கணினிப் பட்டறை’. இந்தத் தலைப்பில் பேசப்போகிறேன் என்று டீக்கடையில் சொன்னேன். அங்கே ஒருவர் சிரித்தார். “இன்னா டீச்சர், போல்ட்டு எண்றவங்களுக்குப் புரோகிராம் எதுக்கு? அதெல்லாம் கண்ணாடி பில்டிங்ல ஏசில குந்திகினு கீறாங்களே, அவங்க வேல” என்றார்.

அன்புடையீர், அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன். யார் சொன்னது அது அவர்கள் வேலை என்று? எந்தச் சட்டம் சொன்னது? எந்தச் சாசனம் சொன்னது? எண்ணத் தெரிந்த கைக்கு எழுதத் தெரியாதா? அளக்கத் தெரிந்த அறிவுக்கு ஆக்கத் தெரியாதா?

(“தெரியும் டீச்சர்!” என்கிறது சுவரோரம்.) தெரியும்! அப்படிச் சொல்லுங்கள்!

என் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள் மதிவதனி. கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். நிமிர்ந்து உட்கார் அம்மா! வயது முப்பத்தெட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறு தொழிற்சாலையில் பதினான்கு ஆண்டுகளாக வேலை. பம்புகளுக்குப் பித்தளை புஷ், அதாவது தண்டு சுழலும் வளையம், செய்கிற இடம். பேக்கிங்கில் சேர்ந்தவள், ஒன்பது ஆண்டுகள் பெட்டி ஒட்டிய பிறகு, இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கு வந்தாள். ஒவ்வொரு புஷ்ஷையும் மூன்று இடத்தில் அளக்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும், சராசரி பார்க்க வேண்டும், தேறியதா தேறவில்லையா என்று முடிவு கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை? நானூறு! நானூறு புஷ், நானூறு மூன்று ஆயிரத்து இருநூறு அளவு! மாலையில் கண் பூத்துப்போகும். பூத்த கண்ணுக்கு ஆறு எட்டாகத் தெரியும்.

பார்த்தாள் மதிவதனி. பழைய லேப்டாப் ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கினாள். பைதான் என்கிற நிரல்மொழியைத் தானே படித்தாள். மூன்று அளவைத் தட்டினால் முடிவைச் சொல்லி, படமும் போட்டு, அறிக்கையும் தருகிற ஒரு நிரலை எழுதினாள். நான் கற்றுக்கொடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவள்தான் இரண்டு வாரம் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். நான் மக்கு மாணவி.

வீட்டில் அந்த நிரல் வெண்ணெய் போல் ஓடியது. தொழிற்சாலைக் கணினியில் போட்டால் அசையவில்லை. ஏன்? வீட்டில் இருந்த பைதான் அங்கே இல்லை. படம் போட உதவும் துணை நிரல்கள் அங்கே இல்லை. நிறுவலாம் என்றால் அதற்குரிய கடவுச்சொல் அவளிடம் இல்லை. அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற கணினிக்காரரிடம் இருக்கிறது. இறக்கிக்கொள்ளலாம் என்றால் அந்தக் கணினிக்கு இணையமும் இல்லை!

மேலாளர் ரவிச்சந்திரன் சொன்னார்: “ஊட்ல ஓடுது ஊட்ல ஓடுதுன்னா எனக்கு என்னம்மா பிரயோஜனம்? திங்கக்கிழமை பதினோரு மணிக்கு வாங்குற கம்பெனிக்காரங்க வர்றாங்க. அவங்க முன்னாடி ஓடணும். ஓடலைன்னா நோட்டுக்கே போயிடலாம். நீயும் பேக்கிங்குக்கே போயிடு.”

ஒன்பது ஆண்டுகள் ஒட்டிய பெட்டிகளுக்கே திரும்பிப் போ என்கிறார்! இருந்தது ஐந்து நாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. மாலை ரயிலில் புலம்பியிருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் முகமது ஆசிக். மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவர், தினமும் அதே பெட்டியில் வருபவர். “அக்கா, அங்க நிறுவ விடலைன்னா நிறுவாதீங்க. எல்லாத்தையும் ஒரு பென் டிரைவ்ல ஏத்தி, கூடவே எடுத்துட்டுப் போங்க. சொருகினா ஓடணும், உருவினா ஒண்ணும் தெரியக் கூடாது” என்றார்.

அன்னையரே, உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். கல்யாணத்துக்குச் சமையல்காரர் வருகிறார். மண்டபத்தில் என்ன கரண்டி இருக்கிறதோ அதை வைத்துச் சமைக்கிறேன் என்கிறாரா? இல்லை! தம்முடைய அண்டா, தம்முடைய ஜல்லிக்கரண்டி, தம்முடைய மசாலா டப்பா, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார். கரையான்சாவடி மண்டபம் ஆனாலும் அதே சாம்பார், ஆவடி மண்டபம் ஆனாலும் அதே சாம்பார்!

(“மண்டபத்துல கேஸ் இல்லன்னா?” என்கிறார் ஒருவர்.) கேட்டாரையா கேள்வி! அடுப்பும் தண்ணீரும் மண்டபம் தர வேண்டும். அதுபோலத்தான் மின்சாரம், திரை, விசைப்பலகை, அடிப்படையான விண்டோஸ் எல்லாம் அந்த இடத்துக் கணினி தரும். வீட்டில் ஒருவகை, வேலையில் வேறுவகை என்று இருந்தால் இந்த வித்தை பலிக்காது. இவளுக்கு இரண்டும் விண்டோஸ். மற்றதெல்லாம் டிரைவில். நிரல் எழுதும் எடிட்டர் அதிலே! நிறுவாமலே ஓடுகிற பைதான் அதிலே! துணை நிரல்கள் அதிலே! எந்த நாளில் எதை மாற்றினோம் என்று நினைவு வைத்துக்கொள்ளும் கருவி அதிலே! இரட்டைச் சொடுக்கில் எல்லாவற்றையும் எழுப்பிவிடும் சின்னக் கோப்பும் அதிலே! விரல் நீளத்துக்குள் ஒரு பட்டறை!

ரவிச்சந்திரனிடம் அனுமதியும் கேட்டாள். “வைரஸ் பார்த்துட்டுப் போடு” என்றார். பார்த்தாள். தொழிற்சாலையின் அளவுகள் தொழிற்சாலைக் கணினியிலேயே பதிவாக வேண்டும், ஓர் எண்கூட டிரைவில் தங்கக் கூடாது என்பதையும் அவளே எழுதிவைத்தாள். நேர்மைக்கு நேர்மை!

திங்கட்கிழமை வந்தது. காலை ஒன்பதரை. டிரைவைச் சொருகினாள். சொடுக்கினாள். ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்றது திரை!

என்ன ஆயிற்று? வீட்டு லேப்டாப்பில் டிரைவைச் சொருகினால் அதற்கு ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தைப் பெயராக வைக்கும். தொழிற்சாலைக் கணினியிலோ அந்த எழுத்து ஏற்கெனவே வேறு ஒன்றுக்குப் போய்விட்டது. இதற்கு ‘ஜி’ என்று பெயர் வைத்தது. இவளோ நிரலில் ஒன்பது இடத்தில் ‘ஈ-யில் போய்த் தேடு’ என்று எழுதியிருந்தாள். இல்லாத ‘ஈ’-யில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ரவிச்சந்திரன் சிரித்தார். “இதுவும் ஊட்ல ஓடிச்சாம்மா?”

கலங்கினாளா? கலங்கினாள். மனுஷி தானே! ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. வழி சொல்வதில் இரண்டு வகை உண்டு. ‘முதல் நடைமேடையில் டிக்கெட் கவுன்ட்டர்’ என்பது ஒரு வகை. அது ஊருக்கு ஊர் மாறும். ‘நீ நிற்கிற இடத்திலிருந்து இடப்பக்கம் மூன்றாவது அறை’ என்பது இன்னொரு வகை. அறைகளெல்லாம் உன்னோடு சேர்ந்தே பயணம் செய்தால் அது எங்கும் மாறாது. ஒன்பது இடத்திலும் ‘ஈ’-யை எடுத்தாள். ‘நான் நிற்கும் இடத்திலிருந்து’ என்று மாற்றினாள். மாற்றுவதற்கு எடிட்டர்? அதே டிரைவில் இருந்ததே! பட்டறையைத் தூக்கிக்கொண்டு போனவளுக்குச் சுத்தியல் தேடி ஓட வேண்டியதில்லை.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நிரல் எழுந்தது! வந்தவர்கள் முன்னே ஓடியது! ஏழாவது புஷ்ஷை ‘தேறவில்லை’ என்றது. ரவிச்சந்திரன் தாமே எடுத்து அளந்தார். தேறவில்லைதான்!

(கைதட்டுகிறீர்கள். பொறுங்கள். கதை இனிமேல்தான்.)

மாலை ஐந்தரை. பையை மாட்டியவளிடம் ரவிச்சந்திரன், “பென் டிரைவை மேஜைமேல வச்சுட்டுப் போம்மா” என்றார்.

“புரோகிராமை உங்க கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன் சார். அது கம்பெனிக்கு. டிரைவ் என்னுது.”

“அது இருந்தாத்தானே ஓடுது?”

“அதான் சார், நாளைக்கு நானே எடுத்துட்டு வரேன்ல.”

சொல்லிவிட்டு நடந்தாள். கேட்டில் காவலர் அப்பாவு நிறுத்தினார். மாடியில் இருக்கும் மேலாளர் அறையிலிருந்து, டிரைவை விடாதே என்று போன் வந்துவிட்டது. ஆனால் அப்பாவு அடாவடி செய்பவர் அல்லர், விதியைச் சொன்னார். “காத்தால உள்ள வரும்போது எழுதலியேம்மா. எழுதாத சாமான் வெளிய போவாது.”

எஸ்டேட் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டர்னர்களும் ஃபிட்டர்களும் சொந்தக் கருவி கொண்டு வருவார்கள். மைக்ரோமீட்டர், வெர்னியர், கை பழகிய ஸ்பானர். காலையில் கேட் புத்தகத்தில் எழுதிவிட்டு உள்ளே போவார்கள். மாலையில் அதைக் காட்டிவிட்டு வெளியே வருவார்கள். எழுதிவிட்டால் அது அவர்கள் சொத்து. எந்த மேலாளரும் கை வைக்க முடியாது. பதினான்கு ஆண்டுகள் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போனவள் மதிவதனி. அன்று காலை ஏன் எழுதவில்லை?

அன்புடையீர், இங்கேதான் என் நெஞ்சு பொறுக்கவில்லை. அவள் மறக்கவில்லை. தன்னிடம் இருப்பது ஒரு கருவி என்று அவளுக்கே தோன்றவில்லை! கருவி என்றால் இரும்பு, கருவி என்றால் எண்ணெய்ப் பிசுக்கு, கருவி என்றால் ஆண்பிள்ளைகள் தூக்கும் பெட்டி என்று அவளும் நினைத்துவிட்டாள். டீக்கடையில் கேட்ட சிரிப்பை நான் மன்னித்துவிடுவேன். அந்தச் சிரிப்பு நமக்குள்ளேயே வந்து குடியேறுகிறதே, அதை மன்னிக்கவே மாட்டேன்!

டிரைவை ஓர் உறைக்குள் போட்டாள், ஒட்டினாள், ஒட்டிய இடத்தில் கையெழுத்திட்டாள், அப்பாவுவின் அலமாரியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு ரயிலேறினாள். “மாடிக்கு மட்டும் அனுப்பாதீங்கண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்பாவு அனுப்பவில்லை.

வீட்டில் நகல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஞாயிறுதோறும் நகல் எடுப்பாள். நீங்களும் எடுங்கள், பென் டிரைவ் தொலைகிற பொருள். பிறகு எதற்கு இந்தப் பிடிவாதம்? நானும் கேட்டேன். “குடுத்துட்டா, அது என் கருவி இல்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் டீச்சர்” என்றாள். முப்பத்து மூன்று ஆண்டுகளில் இப்படி ஒரு விடையை நான் திருத்தியதில்லை.

மறுநாள் காலை. உறையைக் கேட்டில் வாங்கினாள். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. பிரித்து, டிரைவை மேஜைமேல் வைத்து, “அண்ணே, எழுதுங்க” என்றாள். அதற்குள் ரவிச்சந்திரன் இறங்கி வந்துவிட்டார்.

“யோவ் அப்பாவு, எழுதாதே! பென் டிரைவ் என்ன கருவியா?”

பின்னால் வரிசையில் நின்றார் டர்னர் உலகநாதன், முப்பது ஆண்டு அனுபவக்காரர். “இன்னா சார், என் மைக்ரோமீட்டர் கருவின்னா அது கருவி இல்லியா? நேத்து ஏழாவது புஷ்ஷு புட்டுக்கிச்சே, அத்த புடிச்சது இன்னா, உன் நோட்டா? அது ஏறாங்காட்டி என் பொட்டியும் ஏற வாணாம்” என்று தம் பெட்டியைத் தரையில் வைத்தார்.

“நைனா, என்னுதும் வாணாம்!” என்றார் அடுத்தவர். ஒரு பெட்டி, இரண்டு பெட்டி, எட்டுப் பெட்டிகள் தரையில்! ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது. எட்டு மெஷின்கள் ஆளில்லாமல் நிற்கின்றன.

“எழுதித் தொலை!” என்றார் ரவிச்சந்திரன். “ஆனா நீ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வராதே. பேக்கிங்குக்குப் போ.”

“சரி சார்” என்றாள் மதிவதனி. அப்பாவு எழுதினார். கருவி: பென் டிரைவ், ஒன்று. சொந்தக்காரர்: மதிவதனி. அவள் கையெழுத்திட்டாள், பேக்கிங்குக்குப் போனாள், பெட்டி ஒட்டினாள். ஒரு நாளா, இரண்டு நாளா? பதினோரு நாள்! பதினோரு நாளும் காலையில் டிரைவை எழுதினாள், மாலையில் காட்டிவிட்டு எடுத்து வந்தாள். சொருக ஒரு கணினி இல்லாவிட்டாலும் எழுதினாள்!

மேலாளரின் மாடியில் யாரும் சும்மா இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற கணினிக்காரரை அவசரமாக அழைத்தார்கள். அவர் பைதானை நிறுவினார். நிரல் ஓடியது. ‘அவளில்லாமலே ஓடுகிறது’ என்று மகிழ்ந்தார்கள். பன்னிரண்டாம் நாள் புதிய அளவில் புஷ் வந்தது. நிரலோ பழைய அளவுக்கு எழுதப்பட்டது. வந்த புஷ்ஷை எல்லாம் ‘தேறவில்லை, தேறவில்லை’ என்றது! ஓட்டுவதற்கு ஆள் இருந்தது. திருத்துவதற்கு ஆள் இல்லை.

ரவிச்சந்திரன் பேக்கிங் மேஜைக்கு வந்தார். “மதிவதனி, கொஞ்சம் மேல வாம்மா.”

“கொஞ்சமா சார், முழுசா?”

பேக்கிங்கில் இருந்த பெண்கள் பசை தொட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். ரவிச்சந்திரனும் என்ன செய்வார்? “முழுசா” என்றார். மறுநாள் அதை எழுத்திலும் வாங்கிக்கொண்டாள். இன்றைக்கு இவள் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் இருந்துதான் நேரே இங்கு வந்திருக்கிறாள்!

(இப்போது தட்டுங்கள்!)

தோழர்களே, தோழியரே! எவரிடமும் சண்டைக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அனுமதி கேளுங்கள். வைரஸ் பாருங்கள். நிறுவனத்தின் தகவலை நிறுவனத்திலேயே விடுங்கள். பென் டிரைவே கூடாது என்று விதி இருக்கும் இடத்தில் அந்த விதியை மதியுங்கள். ஆனால், உங்கள் உழைப்பின் விளைவை வாங்கியவர், உங்கள் உழைப்பின் கருவியையும் சேர்த்துக் கேட்டால், கொடுக்காதீர்கள்! உனக்கெதற்கு என்று கேட்டால், குனியாதீர்கள்! மேஜை அவர்களுடையதாக இருக்கலாம். மின்சாரம் அவர்களுடையதாக இருக்கலாம். நாம் கற்ற கலை நம்முடையது. கை பழகிய கருவி நம்முடையது. அதை நாம் எங்கும் கொண்டு போவோம்! எவர் சிரித்தாலும் கொண்டு போவோம்! எத்தனை முறை தடுத்தாலும், எழுதச் சொல்லிக் கொண்டு போவோம்!

கூட்டம் முடிந்ததும் அதோ அந்த மேஜையில் மதிவதனியும் முகமது ஆசிக்கும் உட்காருவார்கள். டிரைவ் கொண்டுவந்தவர்களுக்குப் பட்டறையை ஏற்றித் தருவார்கள். பக்கத்தில் ஒரு புத்தகமும் பேனாவும் வைத்திருக்கிறேன். ஏற்றிக்கொள்பவர்கள் ஒவ்வொருவரும் அதில் தம் பெயரை எழுதி, எதிரே ‘என் கருவி’ என்று தம் கையாலேயே எழுதிவிட்டுப் போக வேண்டும். இது என் உத்தரவு. ஓய்வு பெற்றாலும் டீச்சர் டீச்சர்தான்!

நேரம் தந்த தலைவிக்கும், கேள்வி கேட்டு என் பேச்சை உயிரோடு வைத்திருந்த உங்களுக்கும், தன் கதையைச் சொல்லச் சம்மதித்த மதிவதனிக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, முதல் பெயரை நானே எழுத அந்த மேஜைக்குப் போகிறேன். வணக்கம்!