தூக்கத்தில் பல் கடிக்கும் பிள்ளைகள்

மழை ஓய்ந்த இந்த மாலையில், மின்விசிறிகள் மெல்லச் சுழலும் இந்த மன்றத்தை மலர்ந்த முகத்தோடு வழிநடத்தும் தலைவர் அம்மையார் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, என் பேச்சில் பாதியைப் பறித்துக்கொண்டு போய்விட்ட பேராசிரியப் பெருமக்களே! நரைத்த தலையோடும் நனைந்த குடையோடும் நேரத்துக்கு முன்பே வந்து நெஞ்சை நெகிழ வைத்த பெரியோர்களே! பிள்ளைகளை ஆயிரம் இடத்துக்கு அனுப்பி வைத்து, இன்று பிள்ளைகளே அனுப்பி வைத்ததால் இங்கு வந்திருக்கும் தாய்மார்களே! தாய்மார்களுக்குத் துணைக்கு வந்ததாகச் சொல்லிவிட்டு முதல் வரிசையைப் பிடித்துக்கொண்ட தந்தைமார்களே! கதவோரமே எங்கள் கோட்டை என்று கடைசியில் கூடி நிற்கும் இளைய கண்மணிகளே! உங்கள் எல்லோருக்கும் இந்தப் பல் டாக்டரின் பணிவான வணக்கம்.

'இளைய நெஞ்சில் ஏன் இந்த அச்சம்?' இதுதான் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. என்னை அழைக்க வந்த செயலாளரிடம், "ஐயா, நான் பல்லைப் பத்திதான் படிச்சிருக்கேன், மனசைப் பத்திப் படிக்கலையே" என்றேன். மனிதர் அசரவில்லை. "அதனால என்ன மேடம், ரெண்டுமே வலிக்கிற சமாச்சாரம்தானே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். அதோ, சிரிக்கிறார் பாருங்கள். சிரியுங்கள் ஐயா, பல் தெரியச் சிரியுங்கள், எனக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமல்லவா?

தூக்கத்திலிருந்து தொடங்குகிறேன். தூக்கம் என்பது என்ன? பகலெல்லாம் பரபரத்த பாதங்கள் ஓய்கிற இடம். கணக்குப் போட்ட மூளை கணக்கை மறக்கிற இடம். அங்கே கதவில்லாத வீடுகள் உண்டு, கரையில்லாத ஆறுகள் உண்டு, என்றோ தொலைத்த பொம்மை தானாகத் திரும்பி வருவதும் உண்டு. அந்த ஊருக்குள் போகும்போது எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் இன்றைய பிள்ளைகள் ஒன்றை மட்டும் கழற்றாமல் உள்ளே கொண்டுபோகிறார்கள். கண் உறங்குகிறது, கை உறங்குகிறது, காது உறங்குகிறது, தாடை மட்டும் உறங்குவதில்லை. நறநற நறநறவென்று விடிய விடியப் பல்லைக் கடிக்கிறார்கள்.

பல் தேய்வதற்கு எத்தனையோ காரணம் உண்டு, எல்லாவற்றையும் மனத்தின் தலையில் கட்டிவிட மாட்டேன். ஆனாலும் இருபது வயது வாய்க்குள் அறுபது வயதுப் பல்லைப் பார்க்கும்போது கருவியைக் கீழே வைத்துவிடுகிறேன். முன்பு எப்போதாவது ஒருவர் வருவார். இப்போது என் காத்திருப்பு அறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏன் இந்த அச்சம்? எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். கைப்பேசி என்றார் ஒருவர். போட்டி என்றார் ஒருவர். நிலையில்லாத வேலை என்றார், நிலைகொள்ளாத உலகம் என்றார், அடுத்தவர் சிரிப்பைப் படத்தில் பார்த்துத் தன் வாழ்வைத் தராசில் வைக்கும் தவிப்பு என்றார். அத்தனையும் உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் என் நாற்காலியில் வந்து சாய்ந்த ஒரு பெண், இவர்களில் யாரும் சொல்லாத ஒன்றை எனக்குச் சொன்னாள். அவளும் அவள் அப்பாவும் "தாராளமா சொல்லுங்க டாக்டர், நாலு பேருக்கு உதவட்டும்" என்று அனுமதி கொடுத்த பிறகுதான் இந்த மேடையில் சொல்கிறேன்.

என் மருத்துவமனை மாடியில் இருக்கிறது. பிற்பகலில் அங்கே ஒரு மயக்கம் கவிந்திருக்கும். சன்னலுக்கு வெளியே ஒரு மரம், அதன் நிழல் வெள்ளைச் சுவரில் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். கருவியின் ரீங்காரத்தில் காத்திருப்பவர்கள் கண் சொக்கிப் போவார்கள். அப்படியொரு பிற்பகலில்தான் அவர்கள் வந்தார்கள். அப்பா லிப்ட் பழுதுபார்ப்பவர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத கலகலப்பான மனிதர். மகள் மருந்தாளுநர் படிப்பின் கடைசி ஆண்டு. கடைவாய்ப் பல்லில் விரிசல்.

எங்கள் தொழிலில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. நோயாளியின் வாய்க்குள் கண்ணாடியை வைப்போம், பஞ்சை வைப்போம், உறிஞ்சு குழாயை மாட்டுவோம், போதாததற்கு எங்கள் இரண்டு விரலையும் வைப்போம். வைத்துவிட்டு, "அப்புறம், என்ன பண்றீங்க?" என்று கேட்போம்! அவர் "ஆ... ஊ..." என்பார். பதிலைக் கூட வந்தவர் சொல்லுவார். அன்றும் அப்படித்தான்.

"பரீட்சை எல்லாம் எப்படிம்மா எழுதினீங்க?" என்றேன்.

"பிரமாதமா எழுதிட்டா டாக்டர்!" என்றார் அப்பா. "ரிசல்ட் வர வேண்டியதுதான் பாக்கி. எங்க பாப்பாவுக்குப் பரீட்சைன்னா பயமே கிடையாது. எங்க வீட்ல யாருக்குமே பயம்னா என்னன்னு தெரியாது!"

அந்தப் பெண் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் ஊசிகூடப் போடவில்லை, அவள் கண்ணோரத்தில் நீர் கசிந்தது.

கீழே யாரோ, வழியை மறித்து நின்ற அவர் வண்டியை எடுக்கச் சொல்லி ஒலி எழுப்பினார்கள். அப்பா இறங்கிப் போனார். நான் கையை எடுத்தேன், குழாயை எடுத்தேன், நாற்காலியை நிமிர்த்தினேன். அவள் சுவரில் ஊர்ந்த மர நிழலையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"டாக்டர், எனக்கு அடிக்கடி ஒரு கனவு வருது. பரீட்சை ஹால்ல முழங்கால் வரைக்கும் தண்ணி. எல்லாரும் குனிஞ்சு எழுதிட்டிருக்காங்க. என் பேப்பர் மட்டும் தண்ணில மெதுவா மிதந்து வெளிய போகுது. நான் அது பின்னாடியே நடக்கறேன். தண்ணி இளஞ்சூடா இருக்கு. யாரும் என்னைக் கூப்பிடல. அந்தக் கனவுல மட்டும்தான் டாக்டர் நான் நிம்மதியா இருக்கேன்."

கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "கடைசிப் பரீட்சைக்கு நான் போகவே இல்ல. வாசல் வரைக்கும் போனேன். கையும் ஓடல, காலும் ஓடல. மணி அடிச்சதும் திரும்பி வந்துட்டேன். எழுதிட்டேன்னு வீட்ல பொய் சொல்லிட்டேன். ரிசல்ட் வந்தா தெரிஞ்சிடும். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்."

"நான் சொல்ல மாட்டேன்மா. நீங்களே சொல்லலாமே? கோபப்படுவாரா?"

"ஐயோ, கோபமே வராது அவருக்கு. அதுதான் கஷ்டம். எங்க வீட்ல எல்லாரும் தைரியசாலி. நான் மட்டும்தான் எப்படியோ தப்பாப் பொறந்துட்டேன்."

அவையோரே! கேட்டீர்களா அந்தச் சொல்லை? தோற்றுவிடுவோம் என்ற அச்சமல்ல அது, திட்டுவார்கள் என்ற அச்சமுமல்ல. அஞ்சாதவர்கள் நடுவே அஞ்சுகிறவள் தான் ஒருத்திதான் என்ற தனிமை! பயத்தையாவது தாங்கிக்கொள்ளலாம் தாய்மார்களே. பயப்படுகிற பிறவி நாம் மட்டும்தான் என்ற நினைப்பை எந்தப் பிள்ளை தாங்கும்? எப்படித் தாங்கும்? எத்தனை நாள் தாங்கும்?

அப்பா மேலே வந்தார். வந்ததும் வராததுமாக, "டாக்டர், வந்தது வந்தோம், என் பல்லையும் ஒரு பார்வை பாத்துடுங்க. காலைல எந்திரிச்சா தாடை கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு" என்றார். பார்த்தேன். தூக்கத்தில் மாட்டிக்கொள்ளும் பற்கவசம் இருவருக்குமே வேண்டும் என்று மட்டும் சொல்லி, இருவர் பல்லுக்கும் அச்சு எடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் வந்தார்கள். இரண்டு வெள்ளை அச்சுகளும் மேசைமேல் இருந்தன. அப்பா இரண்டையும் கைக்கொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன டாக்டர், ரெண்டும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு? என்னுது எது, பாப்பாவோடது எது?"

"பெருசு உங்களோடது சார். ரெண்டும் தூக்கத்துல கடிச்சுத் தேஞ்சதுதான். உங்களோடது ரொம்ப வருஷமாத் தேயுது."

மகள் நிமிர்ந்தாள். "அப்பா, நீங்களுமா கடிக்கறீங்க?"

"சேச்சே! எலும்பைக் கடிச்சுத் தேஞ்சிருக்கும்மா" என்று சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவள் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் சிரிப்பு மெல்ல மெல்ல வற்றியது. என் கண்முன்னால், அவ்வளவு பெரிய மனிதர், அந்தச் சின்ன முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"லிப்ட்டோட தலை மேல ஏறி நின்னுதாம்மா வேலை பாக்கணும்" என்றார், அச்சைப் பார்த்துக்கொண்டே. "நீ நடை பழகற வயசுல ஒரு தடவை எனக்குக் கால் வழுக்கிடுச்சு. கம்பியைப் பிடிச்சுத் தொங்கினேன். ஆளு வந்து தூக்கிட்டாங்க, ஒண்ணும் ஆகல. ஆனா அதுலருந்து ஒவ்வொரு தடவை ஏறப் போகும்போதும் அந்தக் கம்பிதான் கண்ணு முன்னாடி வரும். கீழ இருட்டுல நின்னு செவுத்தைப் பிடிச்சுக்குவேன். மூச்சு சீரானதும் மேல போவேன். இன்னிக்குக் காலைலகூட அப்படித்தான். எனக்கு தினமும் பயம்மா."

"ஏம்ப்பா சொல்லவே இல்ல?"

"சொன்னா நீ பயந்துடுவியேன்னுதான்."

"நீங்க சொல்லாததுனாலதான்ப்பா நான் பயந்தேன்."

நான் கருவியை அணைத்துவிட்டிருந்தேன். சுவரில் மர நிழல் அசைந்தது, நாங்கள் மூவரும் ஏதோ ஒரே கனவுக்குள் உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. அவள் சொல்லிவிட்டாள். போகாத பரீட்சை, பொய், வாசல், மணி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். சொல்லி முடித்து, அடிக்குக் காத்திருப்பவளாகக் குனிந்துகொண்டாள்.

அப்பா என்ன கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? படிப்பு போச்சே என்றா? இத்தனை நாள் ஏமாற்றினாயே என்றா? ஊரார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றா? இல்லை அன்பர்களே. நான் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கேட்டது இதுதான்:

"அந்த வாசல்ல தனியாவாம்மா நின்ன?"

"ஆமாப்பா."

"அடுத்த தடவை நானும் வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம்."

தலைவர் அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இல்லையில்லை, கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன். இதோ முடிக்கிறேன் அம்மா.

பெற்றோரே, நீங்கள் அஞ்சியதில்லையா? வேலை போய்விடுமோ என்று உறைந்ததில்லையா? மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மயங்கி நின்றதில்லையா? புது ஊரில், புது வாசலில், பெயர் சொல்லி அழைக்கும்வரை உள்ளங்கை வேர்த்ததில்லையா? அதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்தீர்கள்? பிள்ளைகளுக்கு வென்ற கதையை மட்டும் சொன்னோம், வியர்த்த கதையைச் சொல்லவில்லை. ஏறிய கதையைச் சொன்னோம், ஏறும் முன் இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்ட கதையைச் சொல்லவில்லை. "பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ" என்று மட்டும் சொன்னோம். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளைகள், தூக்கத்திலும் பல்லைக் கடிக்கிறார்கள்!

கதவோரத்துக் கண்மணிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பல் வலித்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறீர்கள், வெட்கப்படுவதில்லை. மனம் வலித்தால் மட்டும் ஏன் மூடி மறைக்கிறீர்கள்? அதற்கும் மருத்துவர் உண்டு, மருந்து உண்டு, கேட்கக் காது உண்டு. அந்தப் பெண்ணையும் நான் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். அப்பாவே வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். சும்மா சொல்லக் கூடாது, போன இடத்தில் அவரும் மருத்துவரைப் பார்க்கத் தன் பெயருக்கு ஒரு சீட்டு எடுத்துக்கொண்டாராம்.

மறு தேர்வு வந்தது. நடந்ததை அவளே வந்து எனக்குச் சொன்னாள். மழை தூறிய காலை. அதே வாசல். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உள்ளே போகிறார்கள். அப்பாவும் மகளும் மதிலோரம் ஒரே குடையில் நிற்கிறார்கள். உலகம் முழுவதும் நனைந்து, மங்கி, எங்கோ தூரத்தில் இருக்கிறது. மணி அடித்தது. அவள் நான்கு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்கு இன்னும் பயமா இருக்கா?"

"இருக்கும்மா. உனக்கு?"

"இருக்குப்பா" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முதல் வரிசையில் ஓர் ஐயா கேட்கிறார், "பாஸ் ஆனாளா?" என்று. கேட்பீர்கள் என்று தெரியும் ஐயா! இவ்வளவு நேரம் கேட்டுவிட்டு, உங்களுக்கு முதலில் வேண்டியது மதிப்பெண்தானா? நான் சொல்ல மாட்டேன். உள்ளே போனாள். உங்கள் கைத்தட்டல் அதற்குக் கிடைக்கட்டும். தட்டுங்கள்! இன்னும் பலமாகத் தட்டுங்கள்! உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பிள்ளைக்குக் கேட்கட்டும்!

பல்லைப் பற்றிப் பேச வந்தவளைப் பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், மைக்கைப் பிடுங்காத செயலாளருக்கும், நடுவில் எழுந்து போகாத இளையோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். "உனக்கு என்ன பயம்?" என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் பயம் ஒன்றைச் சொல்லுங்கள். நல்ல உறக்கம் உங்கள் எல்லோருக்கும் வாய்க்கட்டும். வணக்கம்.