மூன்றாவது லைனின் தொலைபேசி

என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், ருக்ஸானா. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் என்னைப் பொட்டலம் கட்டும் மேசையிலிருந்து எழுப்பி, மூன்றாவது லைனுக்குத் தலைவியாக உட்கார வைத்தார்கள். மேசைமேல் ஒரு தொலைபேசி, பக்கத்தில் ஒரு கட்டு இளஞ்சிவப்புச் சீட்டு. வேறு பெரிய அதிகாரம் ஒன்றும் கிடையாது.

நீ எங்கள் கிடங்குக்குள் வந்ததில்லை, அதனால் சொல்கிறேன். உள்ளே கைப்பேசி கூடாது. காலையில் வந்ததும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். வீட்டில் அவசரம் என்றால் லைன் தொலைபேசிக்குத்தான் கூப்பிட வேண்டும். எடுப்பவர் சீட்டில் நேரம், பெயர், விஷயம் மூன்றையும் எழுதி உரியவர் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. மூன்றாவது லைனில் எடுப்பது நான்.

இன்னொன்று, வாசலில் இருக்கும் வெள்ளைப் பலகை. ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக ஒரு மஞ்சள் காந்தம் ஒட்ட வேண்டும். சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம் என்று மூன்று வகை. அன்றைக்கு மனசு எப்படியோ அதை ஒட்டிவிட்டு உள்ளே போகணும். மேலே இருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கொண்டு போவார்கள். அதற்குப் பெயர் மொரேல், அதாவது ஆட்களின் மன உற்சாகம். பதவி உயர்வுக்குப் பெயர் எழுதும்போது, லாரியில் எத்தனை பொட்டலம் நேரத்துக்கு ஏறியது என்பதோடு இதையும் பார்ப்பார்கள். கட்டிடத்தில் நான்கு லைன். எப்போதும் சிரிப்பது என் லைன்தான்.

எப்படி, எப்படி என்று மற்ற லைன்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஆட்களுக்குச் சிரித்த முகம் என்று சொல்லி மழுப்பிவிடுவேன். உண்மை என்னவென்றால், வருகிற செய்தியை எல்லாம் நான் உடனே கொடுப்பதில்லை. குழாய் உடைந்தது, பிள்ளை பள்ளியில் சண்டை போட்டது, மாமியார் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனது, இதையெல்லாம் வேலை நடுவில் சொல்லி என்ன ஆகப்போகிறது? முகம் தொங்கிப்போகும், கை தடுமாறும், ஈசூனுக்குப் போக வேண்டிய பொட்டலம் பிடோக்குக்குப் போகும். சாயங்காலம் லாரி கிளம்பிய பிறகு சீட்டைக் கொடுத்து, "இப்பதான் வந்துச்சு" என்பேன். யாரும் கோபித்ததில்லை. சிலர் நன்றிகூடச் சொல்லியிருக்கிறார்கள்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. என் கணவர் வசீகரனை உனக்குத் தெரியாது. செம்பவாங்கில் கப்பல் பட்டறை வேலை. லீவு எடுத்திருந்த ஒரு நாள் வீட்டிலேயே சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பன்னிரண்டு மணிக்கே கிடங்குக்குத் தொலைபேசி செய்தார். அப்போது லைன் தலைவர் முத்தையா. அவர் என்னிடம் சொன்னது நான்கு மணிக்கு. அன்றைக்கு நான் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன் என்று சொல்வார்கள், எனக்கு அது நினைவில் இல்லை. பிறகு நிதானமாக யோசித்தேன். அந்த நான்கு மணி நேரத்தில் நான் கறிபஃப் தின்றேன். டேப் சுருள் கையில் ஒட்டிக்கொண்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தேன். அதுதான் என் வாழ்க்கையின் கடைசி நல்ல நான்கு மணி நேரம், அதை எனக்குக் கொடுத்தவர் முத்தையா. அப்படித்தான் யோசித்து வைத்திருக்கிறேன். வேறு மாதிரி யோசித்தால் அந்தக் கட்டிடத்துக்குள் என்னால் கால் வைக்க முடியாது.

முத்தையா பதவி உயர்ந்து மேலே போனார். அவர் மேசைக்கு நான் வந்தேன்.

உன் அத்தாவைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வேலையில் அவர் எப்படி என்று நீ பார்த்திருக்க மாட்டாய். அப்துல் முத்தலிப் லைன் கடைசியில் நின்றால் எனக்குக் கவலை இல்லை. பெரிய பெட்டி, சின்னப் பெட்டி, கோணல் பெட்டி எல்லாவற்றையும் பார்த்த மாத்திரத்தில் அடுக்கிவிடுவார். அவர் அடுக்கிய பெட்டி லாரியில் சரிந்ததே இல்லை. என்னைவிட ஏழு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் குணா என்பார். வசீகரன் இறந்த வருஷம் தீபாவளிக்கு நான் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று தெரிந்து, உன் அம்மா பரீதா ஒரு அடுக்குப் பாத்திரம் நிறைய ரொட்டியும் குருமாவும் கொடுத்தனுப்பினார். அந்தப் பாத்திரம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்த நாளுக்கு வருகிறேன். நவம்பர் மாதத்துப் பெரிய விற்பனை வாரம், புதன்கிழமை. லாரி ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். அந்த வாரத்தில் முதலாவதாக வரும் லைனின் தலைவிக்குச் சூப்பர்வைசர் பதவி என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் உன் அத்தா சிரித்த முகத்தை ஒட்டிவிட்டு, "இன்னிக்கு உன்ன மேல ஏத்தி விட்டுட்டுதான் மறுவேலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்று இருபதுக்கு நீ கூப்பிட்டாய். பொட்டலம் ஓடும் பெல்ட் சத்தத்தில், நீ அழுத அழுகையில், என் குரல் உனக்குத் தெரியவில்லை. பெருநாளுக்கு இரண்டு தடவை வந்து போனவளின் குரல் எப்படித் தெரியும்? நானும் பெயரைச் சொல்லவில்லை. "லைன் த்ரீ" என்றேன், அவ்வளவுதான்.

"ஆன்ட்டி, முத்தலிப்போட மக பேசுறேன். அம்மா மயங்கி விழுந்துட்டாங்க, ஆம்புலன்ஸ் வந்துருச்சு. அத்தாகிட்ட உடனே சொல்லுங்க லா, ப்ளீஸ்."

"சொல்லிடறேன்மா" என்றேன். சீட்டில் எழுதினேன். எழுந்து இரண்டடி வைத்தேன். உன் அத்தா ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தின் பெட்டியைத் தனியாகப் புரட்டிக்கொண்டிருந்தார். மயக்கம்தானே என்று நினைத்தேன். சீட்டை மடித்துப் பையில் போட்டேன்.

இரண்டே காலுக்கு, "டாக்டர் அத்தாவ வரச் சொல்றாங்க, கிளம்பிட்டாரா?" என்றாய். "சொல்லியாச்சு" என்றேன். அது முதல் பொய்.   நீ சொன்னதையும் சீட்டில் எழுதினேன்.

மூன்று நாற்பதுக்கு நீ அழவில்லை. அதுதான் இன்றுவரை என் காதில் இருக்கிறது. "அம்மா கண்ண தொறந்துட்டாங்க. அத்தா சாப்பிட்டாரான்னு கேக்குறாங்க. ஏன் இன்னும் வரல ஆன்ட்டி?" அப்போது நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்து யோசித்துத் தேய்ந்துபோயிருக்கிறேன். சாலையில் நெரிசல் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"நான் சொன்னேன்மா. வேலைய முடிச்சிட்டு வரேன்னு சொன்னாரு."

 "ஓகே ஆன்ட்டி, தேங்க்யூ" என்றாய். நல்லபடியாக வளர்த்த பிள்ளை.

நான்கு ஐம்பத்தைந்துக்குக் கடைசியாக. "இனிமே அவர் அவசரப்பட வேணாம்னு சொல்லிருங்க." சீட்டில் அதை அப்படியே எழுதினேன், ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. எழுதி முடித்துவிட்டு உன் அத்தாவைப் பார்த்தேன். இன்னும் இருபத்தைந்து பெட்டிதான் பாக்கி. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஜெயிச்சாச்சு என்பதுபோல எனக்குக் கட்டை விரலைக் காட்டினார்.

லாரிக் கதவை மூடிய பிறகு போய்ச் சொன்னேன். "அண்ணே, இப்பதான் வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு. அண்ணி ஆஸ்பத்திரில." அவர் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. நான்தான் டாக்சி பிடித்துக் கொடுத்தேன். அந்தக் கையுறையோடு அவர் வந்து நின்றதை நீ பார்த்திருப்பாய். வேலையை முடித்துவிட்டுச் சாவகாசமாக வந்தவர் என்றுதான் உனக்குத் தோன்றியிருக்கும்.

மறுநாள் உங்கள் சுவா சூ காங் வீட்டில், அத்தனை பேர் முன்னால் நீ அவரைக் கேட்டாய். "வேலைய முடிச்சிட்டு வரேன்னு சொன்னீங்களாமே அத்தா." நான் கதவோரம் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். தனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நீ நம்பவில்லை. எப்படி நம்புவாய், நீயே காதால் கேட்டதாயிற்றே. அவர் என்னைத் தேடிப் பார்த்தார். நான் உன் அம்மாவின் முகத்தை இன்னொரு தடவை பார்க்கப் போகிறவள் மாதிரி உள்ளே போய்விட்டேன்.

வேலைக்குத் திரும்பியதும் என்னிடம் கேட்டார். அன்றைக்குத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டது விற்பனை வாரத்துக்கு எடுத்த தற்காலிகப் பெண், அவள் போய்விட்டாள் என்றேன். அவர் அதை உன்னிடம் வந்து சொன்னார். யாரோ ஒரு பெண் எதற்கு இல்லாததைச் சொல்லப்போகிறாள் என்று நீ திருப்பிக் கேட்டாயாம். நியாயமான கேள்வி. அதோடு ரவூப் மாமா வீட்டுக்குப் போய்விட்டாய். பதினான்கு மாதமாக நீ உன் அத்தாவுடன் பேசவில்லை.

போன வருஷம் ஜனவரியில் எனக்குச் சூப்பர்வைசர் பதவி வந்தது. கேக் வெட்டினார்கள். முதல் துண்டை நான் உன் அத்தாவுக்குத்தான் கொடுத்தேன், அவரும் வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் காலையில் அழும் முகத்தை ஒட்டிவிட்டுப் போவார். யாரும் பார்க்காதபோது நான் அதை எடுத்துவிட்டுச் சிரித்த முகத்தை வைப்பேன். மேலே இருப்பவர்கள் கூப்பிட்டு விசாரித்தால் மனுஷன் இன்னும் நொந்துபோவார் என்றுதான் செய்கிறேன். அந்தப் பலகையில் உன் அத்தா பதினான்கு மாதமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். "குணா, ஒருவேள யாராச்சும் வந்து சொல்லி, நான் வேல மும்முரத்துல காதுல வாங்காம, வரேன் போன்னு சொல்லியிருப்பேனோ? எம் புள்ள பொய் சொல்ல மாட்டாளே." சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "விடுங்கண்ணே" என்றேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். அவர் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை நான்தான் மூடி எடுத்து வைத்தேன், ருக்ஸானா. இதைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். எனக்கு அவரைப்போல இன்னொரு அண்ணன் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை, உன் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க என்னை லிட்டில் இந்தியாவுக்குக் கூப்பிட்டார். பொம்பளைப் பிள்ளைக்குப் புடவை எடுக்கத் தனக்குத் தெரியாது, பரீதா இருந்திருந்தால் பார்த்திருப்பாள் என்றார். சிராங்கூன் ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கினோம். இள ஊதாவில் சரிகை போட்டது ஒன்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதை ரவூப் மாமா மூலம் அனுப்புகிறாராம், தான் வாங்கியது என்று சொல்ல வேண்டாமாம். நீ கேட்டபடி, பெண்ணின் தகப்பன் என்ற பொறுப்பில் தனக்குப் பதிலாகத் திருமணம் பதிவு செய்யும் காதியே நிக்காஹை நடத்திவைக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, "மண்டபத்துக்கு எதிர்ல பஸ் ஸ்டாப் இருக்குல்ல, அங்க நின்னுக்குவேன். கார்லேர்ந்து எறங்கறப்ப ஒரு பார்வ பாத்துட்டுப் போயிருவேன். அதுக்கு மேல ஆசப்பட்டா தப்பு" என்றார். அன்று வீட்டுக்கு வந்துதான் இதை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் அத்தாவுக்கு யாரும் சொல்லவில்லை. வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அந்த வார்த்தை என்னுடையது. தற்காலிகப் பெண் என்று ஒருத்தி கிடையாது. முத்தையா எனக்குக் கொடுத்ததுபோல நான்கு மணி நேரத்தை அவருக்குக் கொடுத்தேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதுவும் முழு உண்மை இல்லை. அவர் போயிருந்தால் லாரி நேரத்துக்குக் கிளம்பியிருக்காது. நான்கு சீட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். நேரம், பெயர், விஷயம் எல்லாம் சரியாக இருக்கும்.

இன்று வெள்ளிக்கிழமை. இப்போது தபாலில் போட்டால் நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும், எனக்குத் தெரியாத கணக்கா அது. நாளை மறுநாள் உன் நிக்காஹ். செவ்வாய்க்கிழமை எனக்குத் துணை மேலாளர் பதவிக்கு நேர்காணல், முடிவை மறுநாளே சொல்லிவிடுவார்கள். இதற்கு நடுவில் இந்தக் கடிதம் வந்தால் யாருக்கு நல்லது? கல்யாணப் பெண் முகம் தொங்கக்கூடாது. உன் அத்தாவும் பஸ் நிறுத்தத்தில் நின்று உன்னைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பட்டும்.

உறையில் போட்டு ஒட்டிவிட்டால் தொலையாது. புதன்கிழமை சாயங்காலம் நானே உன் கையில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.