பூட்டிய சன்னதிக்குள் ஒரு குரல்

மாலை ஐந்து மணி. ஜனவரி மாதம்... அதற்குள் கும்மிருட்டு. கோயிலுக்கு ஏறும் மலைப்பாதையில் ஒரு வண்டி கிடையாது. தேவதாருக் கிளைகளிலிருந்து பனி சரிந்து விழும் சத்தம் மட்டும்... தொப்... தொப்...

விளக்கு அப்படியே இருக்கட்டும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதன் நோசாகாவின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. பெயர் இசோபே. தீ எச்சரிக்கை மணிகளைப் பழுதுபார்க்கிறவர்.

அன்று அவர் அந்தக் கோயிலில் வேலையாக இருந்தபோது எச்சரிக்கை மணி அடித்தது, உள் சன்னதியில். நானூறு வருஷத்து மரக்கட்டடம், அரசாங்கம் பாதுகாப்பது. ஒரு பொறி போதும்... எல்லாம் போய்விடும். பூசாரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இருந்த ஒரே சாவி அவர் மகள் சயோரியிடம்.

இருவரும் ஓடினார்கள். புகை இல்லை. இசோபே கதவில் கை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. ஆனால் முடி பொசுங்குகிற நாற்றம்...

உள்ளே யாரோ சுரண்டினார்கள். நகத்தால்.

"அக்கா... சுடுதுக்கா... தொறக்கா..."

சயோரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, இது எந்தம்பி ரியோஹே குரலு. அவன் அவ்வளவு தூரத்துல, ஒசாகாவுலல்ல இருக்கான்!"

"மொதல்ல அவனுக்குப் போன் போடும்மா."

உடனே எடுத்தான். "என்னக்கா? அப்பாவுக்கு ஏதாச்சுமா?" பின்னால் டிவி சத்தம். கதவுக்குள்ளும் அவனேதான் அழுதுகொண்டிருந்தான்.

அவள் சாவியை எடுத்துவிட்டாள். இசோபே அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "அது உன் தம்பி இல்ல. வா!"

போனில் ரியோஹே கத்தினான். "யாருக்கா அழறது? இரு, நான் வரேன்."

"வராதடா! சொன்னாக் கேளு!"

போன் கட்டாகிவிட்டது. மறுபடி அவன் எடுக்கவில்லை.

அவன் வந்தால் மறிக்க, இருவரும் அடிவாரத்தில் இசோபேயின் வண்டியைக் குறுக்கே நிறுத்திக் காத்திருந்தார்கள். இருப்பது ஒரே பாதை. விடியும்வரை யாரும் வரவில்லை. பனியில் ஒரு கால்தடம்கூட இல்லை.

காலையில் போலீஸ்காரர்களோடு போய்ப் பூட்டைத் திறந்தார்கள்.

ரியோஹே கதவில் சாய்ந்தபடி இருந்தான். உயிர் இல்லை. தலைமுடி பொசுங்கியிருந்தது. மரத்தில் ஒரு கருகல் இல்லை. அவன் கார் ஒசாகாவில், வீட்டு வாசலிலேயே நின்றது.

சயோரி இசோபேயிடம் ஒன்றுதான் கேட்டாள். "அண்ணே... நேத்தே தொறந்திருந்தா?"

அதன்பிறகு அந்த வேலைக்கே அவர் போகவில்லை.

கதவின் உட்புறமெல்லாம் நகக்கீறல். பழங்கட்டட நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். கீறல் புதிதில்லையாம்... நானூறு வருஷம், கதவுக்கு என்ன வயதோ அதே வயதாம்.

ஆனால் ரியோஹேயின் நகக்கண்ணில் இருந்த அந்தக் கதவின் மரத்தூள்... அப்போதுதான் அறுத்த மரம்போல மணந்ததாம்.