இரண்டு முறை தட்டினால்

தையல் மெஷினுக்கு வெளிச்சம் வேண்டும் என்றுதான் அதை ஜன்னலோரம் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தபால்காரரின் தகரக் கொட்டகை இருந்தால் அதற்கு நான் என்ன செய்வது, சார்? கொக்கி கட்டும்போது கண் குனிந்திருக்கும். காது சும்மாதானே இருக்கிறது.

உட்காருங்கள். அந்த நாற்காலியில் குண்டூசி கிடக்கும், பார்த்து. நீங்கள் ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்திருக்கும் தாளில் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் சில திருத்தங்கள் இருக்கின்றன. புருஷன் மேல் இருந்த கோபத்தில் தபால்காரரின் மனைவி, நம் டீச்சர், வேண்டுமென்றே வண்டியின் சாவியைத் திருப்பினார் என்று எழுதியிருக்கிறீர்கள். இருவருக்கும் இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை என்பதற்கு என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறீர்கள். இரண்டாவது சரி. என்னைவிட்டால் அதற்கு வேறு யார் சாட்சி?

அந்தப் பழைய பிக்கப் வண்டி டீச்சருடைய அப்பாவினுடையது. அவர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தபால்காரர் வாயைத் திறந்து, "இந்தத் துருப்பிடிச்ச சனியனை எடைக்குப் போட்டுடலாம்" என்றார். அன்றைக்கு வாயை மூடியவர்தான் டீச்சர். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே சோப்பு. பேச்சு மட்டும் இல்லை. ஊருக்கெல்லாம் கடிதம் கொடுக்கிற மனுஷன், சொந்த வீட்டுக்குள் ஒரு சேதி சேர்க்க என் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சுக்கச் சொல்லுங்கக்கா."

போய்ச் சொன்னேன். "தெரியாம சொல்லிட்டாராம், டீச்சர். அதுக்குப் போய் இவ்வளவு வீம்பான்னு கேக்குறார்." முதல் பாதி அவருடையது. பின்பாதி என்னுடையது. துணி வெட்டும்போது தையலுக்கென்று ஓர் அங்குலம் கூட விட்டுத்தான் வெட்டுவோம். அந்த மாதிரிதான்.

டீச்சரும் பதில் கொடுத்தனுப்புவார். அதிலும் ஓர் அங்குலம் விடுவேன். இரண்டு வருடம் இப்படி. இருவரும் மனசைத் திறந்தது என்னிடம்தான், சார். காலையில் அவர் வருவார், மாலையில் இவர் வருவார். தீபாராதனை காட்டாத குறை. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள் என்றால் காரணம் என் சோம்பேறித்தனம் இல்லை.

போன வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தபால்காரர் யாரிடமும் சொல்லாமல் கொட்டகையில் நின்ற அந்த வண்டியின் பானட்டைத் தூக்கி நிறுத்தினார். என்னிடமும் சொல்லவில்லை. இன்ஜினைச் சுற்றியிருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய போர்வையில் வரிசையாக வைத்தார். மண்ணெண்ணெய் விட்டுப் பிசுக்கைக் கரைத்தார். உள்பக்கத் தகரத்தில் இருந்த துருவை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்தே ஒன்றரை மாதம் ஓட்டினார். அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு, அதன்மேல் மாமனார் காலத்துப் பச்சை. ஒவ்வொரு ஒயரிலும் ஒரு காகிதச் சீட்டுக் கட்டினார். அதில் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? 'அனுப்புநர்: பேட்டரி. பெறுநர்: ஹாரன்.' தொழில் புத்தி யாரை விட்டது?

இது மன்னிப்புக் கேட்கிற வேலை என்று எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. டீச்சருக்கும் புரிந்திருக்கும். சமையலறை ஜன்னலை அவர் சாத்துவதை நிறுத்திவிட்டார்.

இன்ஜினை ஓட்டிப் பார்க்க சாவி போட ஓர் ஆள் வேண்டும். கடைசியாக என்னிடம் வந்தார். "டீச்சரை ஒரு அஞ்சு நிமிஷம் சீட்ல வந்து உட்காரச் சொல்லுங்கக்கா." மாட்டேன் என்பார் என்ற நம்பிக்கையில் ஓர் அங்குலமும் கூட்டாமல் அப்படியே போய்ச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் என்ன கதி பாருங்கள். டீச்சர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

பானட் தூக்கியிருந்தால் சீட்டில் இருப்பவருக்கு முன்னால் நிற்பவர் தெரியாது. பேசவும் வீம்பு. ஆகவே தபால்காரர் ஸ்பேனரால் மட்கார்டில் தட்டினார். இரண்டு முறை தட்டினால் சாவியைத் திருப்பு. ஒரு முறை தட்டினால் நிறுத்து. ஞாயிறுதோறும் இது நடந்தது. டொக் டொக். டொக். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வேலைக்கான சத்தம்தானே.

பிறகு ஒருநாள் மூன்று முறை தட்டினார். டீச்சர் சிரித்தார், சார். இரண்டு வருடத்தில் நான் கேட்காத சிரிப்பு. பதிலுக்கு ஹாரனைக் குட்டியாக ஒரு அழுத்து அழுத்தினார்.

மாலையில் கேட்டேன். "என்ன டீச்சர், மூணு தட்டுக்கு என்ன அர்த்தம்?"

"அது சும்மாக்கா."

"சும்மாவுக்கா சிரிச்சீங்க?"

"உங்களுக்கு எதுக்குக்கா அது? ஜாக்கெட்டைக் குடுங்க, மூணு மாசமாச்சு."

தபால்காரரிடமும் கேட்டேன். அவருக்குக் காது வரை சிவந்தது. "அவளையே கேளுங்கக்கா" என்று சைக்கிளில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு காலையில் அவர் வரவில்லை. மாலையில் இவர் வரவில்லை. நான்கு ஞாயிறு, மூன்று தட்டு, ஒரு ஹாரன். இந்தத் தெருவில் எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்ததே இல்லை. எப்படித் தூங்குவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ஒயரில் கட்டியிருந்த காகிதச் சீட்டு ஒன்று அவிழ்ந்து ஃபேன் பெல்ட்டுக்குள் விழுந்துவிட்டது. தபால்காரர் குனிந்து வலது கையை உள்ளே விட்டார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத்தான் விட்டார், அவருக்கு நிதானம் உண்டு. டீச்சர் சாவியில் கை வைத்தபடி சத்தத்துக்குக் காத்திருந்தார்.

என் பெரிய கத்தரிக்கோலால் ஜன்னல் கம்பியில் இரண்டு முறை தட்டினேன்.

அந்தச் சத்தமும் ஸ்பேனர் சத்தமும் ஒன்றேபோல் இருக்கும். முந்தின வாரம், அவர்கள் இருவரும் கடைக்குப் போயிருந்தபோது தட்டிப் பார்த்து வைத்திருந்தேன். அளவெடுக்காமல் வெட்டுவது எனக்குப் பழக்கமில்லை. அவர் கை உள்ளே இருந்தது தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். தெரியாது என்றால் பொய். சின்னதாக ஒரு சிராய்ப்பு, அதையொட்டி ஒரு சண்டை, ஒரு பத்து நாள் அந்தத் தட்டும் ஹாரனும் நின்றால் போதும் என்றுதான் நினைத்தேன். மூன்று விரல் போகும் என்று நானா கண்டேன்? பழைய வண்டியின் பெல்ட்டுக்கு அவ்வளவு வலு இருக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? அவ்வளவு நன்றாகச் செப்பனிட்டிருந்தார்.

துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டதும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

'ரெண்டு தட்டு கேட்டுச்சு' என்று டீச்சர் சொன்னார். 'நான் தட்டலை' என்று அவர் சொன்னார். இரண்டும் உண்மை. நீங்கள் யாராவது ஒருவர் பொய் சொல்லியாக வேண்டும் என்று முடிவுகட்டினீர்கள். பொய் சொல்கிறார் என்று இருவரும் ஒருவரையொருவர் நினைத்துக்கொண்டார்கள். டீச்சர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. சாப்பாடு கொண்டுபோனது நான்.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் தபால்காரர் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். அப்புறம் சொன்னார்: "அவ வேணும்னு செய்ய மாட்டாக்கா. யோசிச்சுப் பாத்துட்டேன். வீட்டுக் கதவுல மூணு தட்டு தட்டுங்க. நான் குடுத்தனுப்புனேன்னு சொல்லுங்க. புரிஞ்சுக்குவா."

"அதுக்கு என்ன அர்த்தம், தம்பி?"

"தட்டுங்கக்கா, போதும்."

இந்த நிலைமையிலும் சொல்லவில்லை, பாருங்கள்.

போனேன். டீச்சர் கதவைத் திறந்தார். ஒன்பது நாளில் பாதியாகியிருந்தார். "தம்பி இதைக் குடுத்தனுப்பினார்" என்று சொல்லிவிட்டுக் கதவில் தட்டினேன். ஒரு முறை.

அடுத்த சத்தத்துக்காக அவர் நின்றுகொண்டே இருந்தார். நானும் நின்றேன். பிறகு "சரிக்கா" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்று காலை உங்களிடம் வந்து, ஆமாம், நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நாளைக்கு அழைத்துப்போகப் போகிறீர்களாம். அது சரியில்லை, சார். அதற்காகத்தான் உங்களை உட்காரவைத்து இவ்வளவும் சொன்னேன். தட்டியது நான். சொன்னபடி எழுதுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

சாயங்காலம் தபால்காரர் வீட்டுக்கு வந்துவிடுவார். வலது கையில் மூன்று விரல் இல்லை, மனசில் ஆயிரம் இருக்கும், ஜன்னலுக்கு வந்து நிற்பார். டீச்சரை நீங்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டால், அவர் சொல்வதை எல்லாம் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?