ஊதாக் கோடு

மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கட்டிய கொடிகள் கடைகளில் இன்னும் தொங்கின. காஜா பேராங் நிறுத்தத்தில் காய்கறி நிறைந்த பசார் கூடையோடு பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சேன்க்கா. அவரு கழுத்துல இருந்த ஊதாக் கோடெல்லாம் போயிடுச்சு.”

“எந்தக் கோடுடி?”

“சிங்கப்பூர் டாக்டர் போட்டது. புத்துநோய்க் கட்டிக்குக் கரண்டு வைக்க அடையாளமாம். நாட்டு வைத்தியர் குடுத்த மூலிகைப் பத்துப் போட, கழுத்து சுத்தமா இருக்கணும்ல?”

“அடிப்பாவி! டாக்டர்கிட்ட சொன்னியா?”

“சொன்னா பத்தே போடக்கூடாதும்பாரு.”

“அப்ப நாளைக்குக் கரண்டை எங்க பாத்து வைப்பாங்க?”

“அதெல்லாம் சரி பண்ணியாச்சுக்கா. கண்ணாடியப் பாத்து அவரே ஊதாப் பென்சிலால திரும்பப் போட்டுக்கிட்டாரு. டெய்லர் கையாச்சே, கோடு நேராத்தான் இருக்கு.”